போர் விளையாட்டுச் சிற்றுருக்களின் வண்ணம்

போர் விளையாட்டுச் சிற்றுருக்களின் வண்ணம் என்பது, பலகையிலோ மேசையிலோ படைகளை நகர்த்தி ஆடப்படும் விளையாட்டுகளின் காய்களுக்கும் சிறு உருவங்களுக்கும் பூசப்படும் நிறத்தையும், அந்நிறம் ஆட்டத்தின் முடிவை மாற்றுமா என்னும் நெடுநாளைய கேள்வியையும் குறிக்கும். இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் இவ்வகை விளையாட்டுகளுள் மிகப் பரவலானது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த மேசைப் போர் விளையாட்டுகளில் ஈயத்தாலும் பின்னர் நெகிழியாலும் ஆன வீரர் உருவங்கள் இடம்பெறுகின்றன. இவற்றை ஆடுபவரே தம் கையால் வண்ணந்தீட்டிக் கொள்வது வழக்கம்.

வண்ணம் பூசிய உருவம் பூசாத உருவத்தைவிட நன்றாகப் போரிடும் என்றும், அதற்கு நேர்மாறாக, புதிதாக வண்ணம் பூசிய உருவமே முதலில் வீழும் என்றும் இரு நம்பிக்கைகள் இவ்வாட்டக்காரரிடையே ஒருங்கே நிலவுகின்றன. பகடைக்கு உருவத்தின் நிறம் தெரியாது. ஆயினும் வண்ணத்தால் ஆட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று சொல்லிவிடவும் இயலாது. காண்பதற்கு எளிமை, ஆட்டவிதி, ஆடுபவரின் மனநிலை ஆகிய மூன்று வழிகளில் அது உள்ளே நுழைகிறது.

சதுரங்கக் காய்கள்

சதுரங்கம் என்னும் சொல் யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நான்கு உறுப்புகளை உடைய படையைக் குறிப்பது. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதத்தில் இவ்விளையாட்டு பற்றிய குறிப்பு உள்ளது. பழைய இந்தியப் பலகைகளில் கட்டங்கள் கோடுகளால் மட்டுமே பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் ஐரோப்பியர் சேர்த்தவை. அவற்றைப் பற்றிய முதற்குறிப்பு 10ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. எனவே நெடுங்காலம் இந்தியப் பலகையில் நிறம் என்பது காய்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

ஏறத்தாழ 1030 இல் அல்பிரூனி விவரித்த நால்வர் ஆடும் சதுரங்கத்தில் காய்களை நகர்த்தப் பகடை பயன்பட்டது. நான்கு படைகள் ஒரே பலகையில் மோதும்போது, எது எவருடைய யானை என்பதை நிறமே சொல்ல வேண்டும். பிற்கால வடமொழி நூல்களில் இந்நான்கு படைகளும் சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என வகுக்கப்பட்டன. இருவர் ஆடும் ஆட்டத்திலும் சிவப்பும் பச்சையுமே இந்தியாவில் பெருவழக்காயின. மரத்தைக் கடைசல் பிடித்து, அது சுழலும்போதே அரக்கு வண்ணத்தை அழுத்தி ஏற்றும் முறையில் இவை செய்யப்பட்டன.

காய்களின் உருவத்தில் இரு போக்குகள் உண்டு. ஒன்று உருவமற்ற குமிழ் வடிவம். ஈரானின் நிசாப்பூரில் கிடைத்து இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 12ஆம் நூற்றாண்டுக் காய்கள் இத்தகையவை. ஒரு பக்கம் நீலப்பச்சை, மறுபக்கம் கருஞ்சிவப்பு சார்ந்த மெருகு பூசப்பெற்றவை. மற்றொன்று முழு உருவம் செதுக்கும் மரபு. இசுக்காட்லாந்தின் லூயிசுத் தீவில் 1831 இல் கண்டெடுக்கப்பட்ட, கடற்பசுவை ஒத்த வால்ரசு என்னும் விலங்கின் தந்தத்தாலான 12ஆம் நூற்றாண்டுக் காய்கள் இவ்வகையில் புகழ்பெற்றவை. கண்டெடுத்தபோது அவற்றுள் சில சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டிருந்தன. இன்று எல்லாம் வெளிறிய ஒரே நிறமாகத் தோன்றுவதால், அருங்காட்சியகத்தில் காண்பவருக்கு எது எந்தப் படை என்று பிரித்தறிய முடிவதில்லை. சாயம் போனவுடன் போரும் போய்விட்டது எனலாம்.

வங்காளத்தில் முர்சிதாபாத்தை அடுத்த பெர்காம்பூரில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தந்தத்தில் செதுக்கப்பட்ட காய்கள், பின்னாளில் சேகரிப்பாளர்களால் 'ஜான் கம்பெனி' காய்கள் என்று அழைக்கப்பட்டன. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை; எதிர்ப்பக்கம் இந்திய அரசர் ஒருவரின் படை. அம்பாரி யானை மேல் அரசன், துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள், ஒட்டகங்கள் என ஒவ்வொரு காயும் தனிச் சிற்பம். இராசத்தானில் பல வண்ணங்களால் நுணுகித் தீட்டப்பட்ட தொகுதிகளும் செய்யப்பட்டன. இவை பெரும்பாலும் ஐரோப்பியர் தம் நாட்டுக்கு எடுத்துச் செல்ல வாங்கியவை. ஆடியதைவிடக் கண்ணாடிப் பேழையில் நின்றதே மிகுதி. ஏனெனில் இவற்றைக் கொண்டு ஆடுவது கடினம். மெல்லிய ஈட்டிகள் கைபட்டு ஒடியும். யானை மேல் இருப்பவன் அரசனா அமைச்சனா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

ஐரோப்பியக் காய்களிலும் இக்குறை இருந்தது. உயரமும் ஒல்லியுமான அவை எளிதில் சாய்ந்தன. அரசனும் அரசியும் அமைச்சரும் ஒன்றுபோலவே தோன்றின. ஓர் ஊர் மன்றத்தின் காய்களில் பழகியவர் வேற்றூர் சென்று ஆடும்போது தடுமாறினார். இதற்குத் தீர்வாக நத்தானியேல் குக் என்பவர் பெயரில் 1849 மார்ச் 1 அன்று இலண்டனில் பதிவுசெய்யப்பட்ட வடிவமே, அக்காலத்தின் முன்னணி ஆட்டக்காரர் ஓவர்டு ஸ்டாண்டனின் பெயரால் இன்றும் வழங்குகிறது. ஜாக்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. கனமான அடி, ஒவ்வொரு காய்க்கும் ஐயமற்ற தலையடையாளம், கருங்காலியும் வெளிர்மரமும் தரும் இயற்கை நிறங்கள் ஆகியன இதன் இயல்புகள். அணிசெய்வதை விட்டுவிட்டு அடையாளத்தைக் காத்த வடிவம் இது. குதிரையின் தலை மட்டும் சிற்பியின் கைக்கு விடப்பட்டது. இன்று இக்காய்களை உலகெங்கும் அனுப்பும் அமிர்தசரசுப் பட்டறைகளிலும் குதிரை செதுக்குபவரே தலைசிறந்த கைவினைஞராக மதிக்கப்படுகிறார்.

பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் கருவி விதிகள் இதே நோக்கத்தைத் தொடர்கின்றன. அரசனின் உயரம் ஏறத்தாழ 9.5 செ.மீ. இருத்தல் வேண்டும். கறுப்புக் காய்கள் கறுப்பு, பழுப்பு அல்லது வேறு கருநிறமாகவும், வெள்ளைக் காய்கள் வெள்ளை, பாலேட்டு நிறம் அல்லது வேறு வெளிர்நிறமாகவும் அமையலாம். காய்கள் பளபளக்கக் கூடாது. விளக்கொளி மெருகில் பட்டுத் தெறித்தால் நான்கைந்து மணி நேரம் பலகையையே நோக்கி அமர்ந்திருப்பவரின் கண் சோர்வடையும்.

உளவியலாளர் வில்லியம் சேசும் எர்பர்ட் சைமனும் 1973 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. உண்மையான ஆட்டமொன்றின் நிலையைச் சில நொடிகள் மட்டும் காட்டியபோது, தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக நினைவுகூர்ந்தார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது அவருக்கும் புதியவருக்கும் வேறுபாடு ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. தேர்ந்தவர் காண்பது தனித்தனிக் காய்களை அன்று, பழகிய கூட்டங்களை. பழகிய வடிவத்தையும் நிறத்தையும் மாற்றுவது, நன்கு தெரிந்த நூலை அயல் எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதல் நகர்வும் நிறமும்

வெள்ளை முதலில் நகர்த்த வேண்டும் என்னும் விதி பழமையானதன்று. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், எந்த நிறத்தை எடுப்பது, யார் முதலில் நகர்த்துவது ஆகிய இரண்டும் தனித்தனியே முடிவு செய்யப்பட்டன. 1851 இல் இலண்டனில் அடால்ஃப் ஆண்டர்சன் கீசெரிட்சுகியை வென்ற 'அழியாப் புகழ் ஆட்டம்' இன்று நூல்களில் வெள்ளையின் வெற்றியாக அச்சிடப்படுகிறது. அன்று ஆண்டர்சன் கையில் இருந்தவை கறுப்புக் காய்கள். அவற்றைக் கொண்டே அவர் முதலில் நகர்த்தினார்.

1851 முதல் 1932 வரையிலான 5,598 ஆட்டங்களைக் கணக்கிட்டு 1946 இல் வெளியான ஆய்வு ஒன்றில் வெள்ளை 53.4 விழுக்காடு புள்ளிகளைப் பெற்றிருந்தது. பிற்காலக் கணக்குகளும் இதனை ஒட்டியே அமைகின்றன. இம்மேன்மை நிறத்தால் வந்ததன்று, முதல் நகர்வால் வந்தது. எனினும் போட்டிகளில் ஒருவர் தொடர்ந்து ஒரே நிறத்தைப் பெறாதவாறு இணைகள் அமைக்கப்படுவதால், ஆட்டக்காரரின் பேச்சில் 'நிறம்' என்பதே அம்மேன்மைக்குப் பெயராகிவிட்டது. 2024 இல் சிங்கப்பூரில் நடந்த உலக வாகைப் போட்டியில் முடிவு கண்ட 5 ஆட்டங்களில் இரண்டில் கறுப்பே வென்றது. அவற்றுள் கடைசியான 14ஆம் ஆட்டத்தைக் கறுப்புக் காய்களுடன் ஆடி வென்றே சென்னையைச் சேர்ந்த குகேசு உலக வாகையரானார்.

பார்வையற்றோர் ஆட்டம்

பார்வையற்றோருக்கான சதுரங்கத்தில் நிறத்தின் வேலையைத் தொடுகை செய்கிறது. கறுப்புக் கட்டங்கள் சற்றே உயர்த்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் துளை இருக்கும்; காயின் அடியிலுள்ள முளை அதில் பொருந்துவதால் தடவிப் பார்க்கும்போது காய் நகர்ந்துவிடாது. கறுப்புக் காய்களின் மேல் தனி அடையாளம் ஒன்று இருக்கும். விரல்கள் அதை உணர்ந்து படையைப் பிரித்தறியும். இந்தியாவில் இவ்வாட்டத்தை வளர்க்கும் அனைத்திந்தியப் பார்வையற்றோர் சதுரங்கக் கூட்டமைப்பு 1997 முதல் இயங்கி வருகிறது. காயின் நிறத்துக்கென்று தனி ஆற்றல் ஏதுமில்லை, அடையாளம் காட்டுவதே அதன் பணி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொம்மைப் படைகள்

பிரசிய அதிகாரி இரைசுவிட்சு 1824 இல் வெளியிட்ட படைப்பயிற்சி விளையாட்டில் வீரர் உருவங்கள் இல்லை. சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளே வரைபடத்தின் மீது நகர்த்தப்பட்டன. உருவங்களின் பக்கம் ஆட்டத்தைத் திருப்பியது பொம்மைத் தொழில். 1893 இல் இங்கிலாந்தின் பிரிட்டன்சு நிறுவனம் உள்ளீடற்ற ஈய வார்ப்பு முறையைக் கொண்டுவந்து வீரர் பொம்மைகளின் விலையைக் குறைத்தது. ஒரே அச்சில் வார்த்த உருவத்துக்கு வெவ்வேறு சீருடை தீட்டி வெவ்வேறு படைப்பிரிவாக விற்பது அதன் வழக்கம். வங்காள ஈட்டிப்படையினரும் மதராஸ் காலாட்படையினரும் அவ்வாறு இலண்டன் கடைகளில் பெட்டியில் அடுக்கப்பட்டு விற்கப்பட்டனர். அச்சு ஒன்றே, தூரிகைதான் ஒருவனை மதராசி ஆக்கியது.

இப்பொம்மைகளைக் கொண்டு ஆடுவதற்கான விதிகளை எழுத்தாளர் எச். ஜி. வெல்சு 1913 இல் 'சிறு போர்கள்' என்னும் பொருள்தரும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். அதில் பகடை இல்லை. வில்சுருள் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் மரத்தக்கையைச் சுட்டு வீரரை உண்மையிலேயே வீழ்த்த வேண்டும்; நெருங்கிய சண்டையின் முடிவு எண்ணிக்கையால் கணிக்கப்படும். பூச்சுக்கு அங்கு ஒரு பயனும் கிடையாது, ஒவ்வொரு ஆட்டத்திலும் சற்று உதிர்வதைத் தவிர.

பின்னர் வந்த வரலாற்றுப் போர் விளையாட்டுகளில் நிலைமை மாறியது. நெப்போலியனின் காவற்படைக்கும் சாதாரணக் காலாட்படைக்கும் வெவ்வேறு மன உறுதி எண்கள் விதிநூலில் தரப்பட்டிருக்கும். மேசைமேல் நிற்பவன் எவன் என்பதைச் சீருடையின் நிறமே சொல்கிறது. வண்ணம் பூசாத நூறு சாம்பல்நிற உருவங்கள் நிற்கும் மேசையில், எதிரி ஒவ்வொரு முறையும் 'இது எது?' என்று கேட்க வேண்டியிருக்கும். கேட்காமல் விட்டால் தவறான இலக்கைத் தாக்குவார். இது ஆட்டத்தின் முடிவை மாற்றக்கூடிய ஒன்று.

விதிகளில் வண்ணம்

1987 இல் பிரித்தானிய நிறுவனமான கேம்ஸ் வொர்க்சாப் வெளியிட்ட வார்ஹாமர் 40,000 என்னும் கற்பனைப் போர் விளையாட்டில் வண்ணம் நேரடியாக விதிக்குள்ளேயே இடம்பெற்றுள்ளது. அதில் வரும் 'ஓர்க்' என்னும் முரட்டு இனத்தவர் சிவப்பு வண்டி மற்றவற்றைவிட விரைந்தோடும் என்று நம்புவர். முந்தைய பதிப்புகளில் சிவப்புப் பூச்சுக்கு எனத் தனியே புள்ளி செலுத்தினால் அவ்வண்டி ஒரு நகர்வில் ஓரங்குலம் கூடுதலாகச் செல்லலாம். நகைச்சுவையாக எழுதப்பட்ட இவ்விதி, ஆட்டக்காரரின் சொந்த நம்பிக்கையைக் கேலிசெய்வதாகவும் அமைந்தது.

கேலியற்ற விதி 2020 இல் வந்தது. அவ்வாண்டின் ஒன்பதாம் பதிப்பில், ஓர் ஆட்டத்தில் பெறக்கூடிய 100 வெற்றிப் புள்ளிகளுள் 10 புள்ளிகள், படை முழுவதும் குறைந்த அளவேனும் வண்ணம் தீட்டப்பட்டிருந்தால் வழங்கப்பட்டன. முதன்மைப் பகுதிகள் நிறம் பெற்று, உருவம் நிற்கும் அடித்தட்டும் முடிக்கப்பட்டிருந்தால் போதும். 2023 இல் வந்த பத்தாம் பதிப்பும் இதனைத் தொடர்ந்தது. இருவரும் வண்ணம் பூசிய படையுடன் வந்தால் இப்புள்ளிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒருவர் மட்டும் பூசியிருந்தால், களத்தில் 80 எடுத்தவர் 85 எடுத்தவரை வென்றுவிடுவார்.

இவ்விதி கடும் விவாதத்துக்கு உள்ளானது. மேசை அழகாக இருப்பது இருவருக்கும் பயன் தருவது, அதற்கு உழைத்தவருக்குப் புள்ளி தருவது முறை என்பது ஒரு சாரார் கருத்து. ஒரு படைக்கு வண்ணம் தீட்டப் பல வாரங்கள் ஆகும்; கைநடுக்கம் உடையோர், பார்வைக் குறை உடையோர், ஓய்வு நேரமோ பணமோ குறைந்தோர் ஆகியோரைக் களத்துக்கு வெளியே உள்ள காரணத்தால் தோற்கடிப்பது நேர்மையன்று என்பது மறுசாரார் வாதம். பணம் கொடுத்துப் பிறரைக் கொண்டு தீட்டுவித்தாலும் அதே 10 புள்ளிகள் கிடைத்தன என்பதால், இவ்விதி உழைப்பைப் போற்றியது என்னும் வாதம் வலுவற்றதே. வண்ணத்துக்குத் தனிப் பரிசும் களத்துக்குத் தனிப் பரிசும் வைக்கும் போட்டிகளில் இச்சிக்கல் எழுவதில்லை.

நம்பிக்கைகளும் விளக்கங்களும்

புதிதாக வண்ணம் தீட்டிய உருவம் தன் முதல் ஆட்டத்திலேயே வீழ்ந்துவிடும் என்பது இவ்வாட்டக்காரரிடையே உலகெங்கும் வழங்கும் நம்பிக்கை. இதற்குக் கண்ணேறு தேவையில்லை, எளிய காரணங்கள் உண்டு. ஒருவர் ஆசையுடன் தீட்டி முடிப்பது பெரும்பாலும் படையின் வலிமைமிக்க உருவம். எதிரி முதலில் குறிவைப்பதும் அதையே. அழகிய பூச்சு கண்ணை ஈர்ப்பதால் அது மறக்கப்படுவதும் இல்லை. உடையவரோ அதனைப் பயன்படுத்திப் பழகியிருக்க மாட்டார். இவற்றோடு நினைவின் தேர்வும் சேர்கிறது. ஓர் ஆட்டத்தில் ஓர் உருவம் வீழ்வதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று எனக் கொண்டால், புதிதாகத் தீட்டிய பத்தில் மூன்று நான்கு முதல் நாளிலேயே வீழ்வது இயல்பு. நின்ற ஆறேழை எவரும் கதையாகச் சொல்வதில்லை.

நல்வாய்ப்பு நம்பிக்கை ஆடுபவரின் திறனை உயர்த்துமா என்பது ஆய்வுக்கு உட்பட்டுள்ளது. யேர்மனியில் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், 'இது நல்வாய்ப்புள்ள பந்து' என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் பத்துக் கோல்ஃப் அடிகளில் சராசரியாக 6.42 முறையும், அவ்வாறு சொல்லப்படாதவர்கள் 4.75 முறையும் பந்தைக் குழியில் வீழ்த்தினர். 2014 இல் அமெரிக்காவில் கூடுதலானோரைக் கொண்டு இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது இவ்வேறுபாடு தென்படவில்லை. விளையாட்டு வீரரின் உடை நிறம் குறித்தும் இவ்வாறே. 2004 ஏதென்சு ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை முதலிய போட்டிகளில் சிவப்பு அணிந்தோர் 55 விழுக்காடு வென்றனர் என்று 2005 இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பிற்காலத் தரவுகளில் இது வலுவிழந்தது. இவையும் உடல்திறன் சார்ந்த ஆட்டங்களையே பற்றியவை. பகடை உருட்டுவதில் மேம்படுத்தத் திறன் என்று ஒன்றும் இல்லை.

தாமே செய்த பொருளை மக்கள் அதன் தகுதிக்கு மேலாக மதிப்பர் என்பது 2012 இல் நார்ட்டன், மோச்சன், ஏரியலி ஆகியோர் வெளியிட்ட ஆய்வின் முடிவு. தம் கையால் தீட்டிய தளபதியை முன்வரிசைக்கு அனுப்பத் தயங்கிப் பின்னால் நிறுத்துபவரை இது விளக்கும். வண்ணம் ஆட்டத்தை மாற்றும் உண்மையான வழிகளுள் இதுவும் ஒன்று. பெரும்பாலும் உடையவருக்கு எதிராகவே மாற்றுகிறது.

தூரிகை பட்டால் உருவத்துக்கு ஆற்றல் வரும் என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. கோயில் திருமேனிகளுக்கும் ஐயனார் குதிரைகளுக்கும் இறுதியாகக் கண் திறக்கப்படும் வரை அவை வெறும் கல்லும் மண்ணுமே. பிள்ளையார் சதுர்த்திக் களிமண் உருவுக்குக் குன்றிமணியால் கண் வைப்பதும், ஆயுத பூசையன்று உளிக்கும் அரிவாளுக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவதும் இவ்வரிசையில் சேர்வன. இலங்கையில் புத்தர் சிலைக்குக் கண் தீட்டும் கைவினைஞர் சிலையை நேரே நோக்காமல் கண்ணாடியில் பார்த்தே தீட்டுவார். எனினும் இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். கண் திறப்பில் உருவம் வழிபாட்டுக்குரியதாகிறது. வெற்றிப்புள்ளி அதில் எதிர்பார்க்கப்படுவதில்லை.

தமிழ்ப் படைகளும் படவேடும்

வரலாற்றுப் போர் விளையாட்டுகளில் பரவலாகப் பயன்படும் டி. பி. ஏ. விதிநூலின் படைப்பட்டியல்களில் தமிழ்ப் படையும் இடம்பெற்றுள்ளது. அதனைத் திரட்ட முயல்வோர் முதலில் சந்திக்கும் இடர் நிறமே. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த படவேடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படைவீடு என்பதே இவ்வூர்ப் பெயரின் மூலம். படை தங்குமிடம் என்பது பொருள். இன்று இரேணுகாம்பாள் கோயிலால் அறியப்படும் இவ்வூர் சம்புவராயரின் தலைநகராக விளங்கியது. 14ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் இங்குப் படையெடுத்து, இராசகம்பீரம் என்னும் மலைக்கோட்டையை முற்றுகையிட்டதை, அவருடைய தேவி கங்காதேவி எழுதிய மதுரா விசயம் என்னும் வடமொழிக் காவியம் பாடுகிறது.

மலைக்கோட்டை முற்றுகை என்பதால் மேசை விளையாட்டுக்கு ஏற்ற களம் இது. ஆனால் ஐரோப்பியப் படைகளைப் போல ஒரே சீருடை இப்படைகளுக்கு இருந்ததாகக் கொள்ள முடியாது. தேர் அக்காலத்தில் போர்க்களத்தை விட்டே நீங்கி, சதுரங்கப் பலகையில் மட்டும் எஞ்சியிருந்தது. உடைக்கும் படைக்கலத்துக்கும் கற்சிற்பங்கள் வழிகாட்டும். செங்கம் வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைத்து 1972 இல் நூலாகவும் வெளிவந்த நடுகற்களின் வீரர்கள் வில்லும் வாளும் கேடயமும் ஏந்தி நிற்கின்றனர். அவற்றில் நிறம் இல்லை. நிறத்துக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுச் சோழர் ஓவியங்களையும், லேபாட்சியின் 16ஆம் நூற்றாண்டு விசயநகர ஓவியங்களையும் நாட வேண்டும். ஒன்று முற்றுகைக்கு மூன்று நூற்றாண்டு முந்தையது, மற்றது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிந்தையது. விசயநகரப் பக்கத்துக்கு வராகக் கொடி உறுதி. மற்றபடி வெண்ணிற வேட்டியும், மாநிற உடலும், காவியோ அவுரி நீலமோ தோய்த்த தலைத்துணியும் தீட்டுவதே பொருத்தம். இரு படைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், எதிரெதிர்ப் படைகளைப் பிரித்தறிய அடித்தட்டின் விளிம்புக்கு வெவ்வேறு நிறம் பூசிக்கொள்ளலாம்.